மூச்சைப் பிடித்துக் கொடுத்த அளவு

திருவொற்றியூரில் நான் குடியிருக்கும் காலடிப்பேட்டைக்கும் யாருடைய காலடிக்கும் சம்பந்தமில்லை. 1717 முதல் 1720 வரை சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி கவர்னராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் இது. காலெட் பேட்டை நம் வாயில் காலடிப்பேட்டை ஆனது. தெற்கே கொஞ்சம் போனால் வண்ணாரப்பேட்டை, கம்பெனித் துணியை வெளுத்துக் கொடுத்தவர்களின் ஊர். அங்கே எம்.சி. ரோட்டில் தீபாவளி நேரத்தில் காலை வைக்க இடம் கிடைக்காது. முந்நூறு வருஷமாகத் துணியோடு பிழைக்கும் இந்தப் பக்கத்தில் இருந்துகொண்டு, நான் பாங்காக்கில் கோட்டு தைத்தேன்.

கூட வேலை பார்ப்பவர்களோடு போன ஐந்து நாள் டூர் அது. சுகும்வித் சாலையில் திரும்பிய பக்கமெல்லாம் தையல்கடை. பலவும் அங்கேயே வேரூன்றிவிட்ட பஞ்சாபிக் குடும்பங்களுடையவை. ஒரு கடை வாசலில் நின்ற பையன் என் முகத்தைப் பார்த்ததும் "வணக்கம் அண்ணா" என்றான். அவனுக்குத் தெரிந்த தமிழே அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு கோட்டு, இரண்டு பேண்ட், இரண்டு சட்டை, டை இனாம், 24 மணி நேரத்தில் கையில். "சூப்பர் 120, சுத்தக் கம்பளி" என்று துணியை நீட்டினார் முதலாளி. எண்ணூரில் ஓர் ஆலைக்கு வரும் சரக்கைச் சோதித்து வாங்குவதுதான் என் உத்தியோகம். அரை மில்லிமீட்டர் கூடினதற்கு லாரியையே திருப்பி அனுப்பியவன். அந்தக் கெத்தில் துணியை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து, கண்ணை மூடித் தலையாட்டினேன். சூப்பர் 120 என்றால் இழையின் சராசரிப் பருமன் 17.75 மைக்ரானைத் தாண்டக் கூடாது. என் கட்டைவிரல் மைக்ரான் அளக்கும் என்று அன்றைக்கு நானே நம்பினேன்.

டேப் வயிற்றைச் சுற்றியதும் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தேன். யாருக்காக என்று இன்றுவரை தெரியவில்லை. 38 என்று எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் ட்ரயல். கையைத் தூக்கினால் கோட்டு மொத்தமும் கூடவே மேலேறியது. "ஓகே?" என்றார். "சூப்பர்" என்றேன். ராத்திரி விமானம், சண்டைக்குப் போதாத இங்கிலீஷ், எல்லாவற்றுக்கும் மேல் அந்த "அண்ணா".

மே மாதம், கடலோர மண்டபம், சொந்தக்காரர் வீட்டு ரிசப்ஷன். கோட்டு போட்டு வந்தவர்கள் இரண்டே பேர். இன்னொருவர் மாப்பிள்ளை, அவர் தலைக்கு மேல் ஏ.சி. நான் பந்தியில் உட்காரவே இல்லை. பட்டன் தெறித்துப் பக்கத்து இலைப் பாயசத்தில் விழுந்தால் எந்த முகத்தோடு மன்னிப்புக் கேட்பது? அப்புறம் ஒருமுறை சலவைக்குப் போட்டேன். மார்புப் பக்கம் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு வந்தது.

ராயபுரத்தில் எனக்கு வழக்கமாகத் தைக்கும் பாயிடம் கொண்டுபோனேன்.

"எங்க தச்சே தம்பி?"

"பாரிஸ் கார்னர்ல ஒரு கடை பாய்."

பாய் காலரைத் திருப்பினார். "பாரிஸ்ல பாங்காக்னு லேபிள் குத்தித் தரானுங்களா?"

பிறகு உள்பக்கத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சி கிழித்தார். கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், தொட்டால் சாம்பலாக உதிரும். இது உருகிச் சுருண்டு, குண்டூசித் தலை போல ஒரு கறுப்பு மணியாக இறுகி நின்றது. அதை நகத்தால் தட்டிக் காட்டினார். டிக் என்றது.

"பாலியஸ்டர். இங்க உள்ள கேன்வாஸ் வெச்சுத் தைக்கணும். பசைத்துணிய இஸ்திரில ஒட்டிக்கீறான், அதான் உப்புது."

"பக்கத்துல பிரிச்சு லூஸாவது பண்ணலாமா?"

"நாங்க தச்சா உள்ள ஒரு இஞ்சு துணி விடுவோம். வயிறு வளரும்னு தெரியும்ல. இவன் ஒட்ட வெட்டிட்டான். எத்த பிரிக்கறது?"

சட்டைகள் இரண்டும் நன்றாகவே உழைக்கின்றன, அதையும் சொல்லிவிட வேண்டும். கோட்டு பீரோவில் தொங்குகிறது. வேண்டுவோர் வந்து எடுத்துக்கொள்ளலாம். வயிறு 38 இருந்தால் போதும். என்னைப் போல 40 என்றால், ஒரு ரிசப்ஷன் முடியும் வரை மூச்சைப் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.