மடிக்கணினி விசிறியும் இரட்டைக்கிளவியும்: ஓர் ஒலியியல் ஆராய்ச்சி

மடிக்கணினியின் விசிறி சத்தம் போடத் தொடங்கினால் நாமே கழற்றிச் சரிசெய்வதா, கடையில் கொடுப்பதா? இந்த வினாவுக்கு இதுவரை விடை சொன்னவர்கள் இரண்டு அணியினர். முதல் அணி கையைப் பார்க்கிறது: ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் பிடித்துப் பழகிய கையா, சுவரில் ஆணி அடிக்கப்போய் விரலை நசுக்கிக்கொண்ட கையா என்று கேட்கிறது. இரண்டாம் அணி பையைப் பார்க்கிறது: விசிறிக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு, ஆட்டோவுக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுகிறது. இரு அணியினரும் பார்க்காமல் விட்ட உறுப்பு காது. எழுகிற ஒலிக்குச் சரியாக ஒரு பெயர் வைக்க முடிந்தவர் கழற்றலாம். “என்னமோ ஒரு மாதிரி சத்தம் வருது” என்பதற்குமேல் சொல்லத் தெரியாதவர் திருகைத் தொடவே கூடாது. இதுவே நம் கோட்பாடு.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலிலேயே இரட்டைக்கிளவிக்கு இடம் கொடுத்து, அது இரட்டித்தே ஒலிக்கும், பிரித்தால் பொருள் தராது என்று விதித்துவிட்டார். அப்போது அவர் மனத்தில் மடிக்கணினி இருந்ததற்குச் சான்றில்லை. ஆனாலும் சுழலும் பொருளுக்கு இவ்விதி பொருந்துகிற அழகே தனி. சுழல்வதில் உள்ள கோளாறு சுற்றுக்கு ஒருமுறை தவறாமல் திரும்பி வரும். நிமிடத்துக்கு மூவாயிரம், நாலாயிரம் சுற்று ஓடும் சிறு விசிறியின் நோயை ஒற்றைச் சொல்லால் எப்படிச் சொல்வது? எனவே இரட்டைக்கிளவியாக ஒலித்தால் நோய் விசிறியில் இருக்கிறது என்றும், ‘ஓவென’, ‘கீயென’ என்று நீண்டு ஒலித்தால் நோய் வேறிடத்தில் என்றும் கொள்ளலாம். கறகறவென்றால் விசிறியின் நடு அச்சைத் தாங்கும் புஷ் வறண்டு தேய்ந்திருக்கிறது. கடகடவென்றால் இதழ் எதன்மீதோ இடிக்கிறது. இடம் மாறிய ஒயராக இருக்கலாம், தலைமுடி சுற்றிய தூசி உருண்டையாக இருக்கலாம். ‘கட… கட’ என்று இடைவெளி விட்டு ஒலித்தால் தொல்காப்பியர் விதியே மீறப்படுகிறது, அதாவது விசிறி சாகக் கிடக்கிறது. கீயென்று மெலிதாக, கொசு காதருகே பறப்பதுபோல் கேட்டால் அது பெரும்பாலும் விசிறியே அல்ல. போர்டில் உள்ள மின்சுருள்கள் மின்னோட்டம் மாறும்போது அதிர்வதுண்டு. அதற்காக விசிறியைக் கழற்றுவது பல்வலிக்குக் காதைக் குடைவது போல.

இவற்றுள் அதிகம் ஏமாற்றுவது ‘ஓ’ என்னும் இரைச்சல். மடிக்கணினி விசிறி அடிப்புறத்திலிருந்து காற்றை உறிஞ்சிப் பக்கவாட்டில் தள்ளுகிறது. தள்ளப்படும் காற்று, செப்புக் குழாய் கொண்டுவரும் சூட்டை ஏந்திய மெல்லிய தகடுகளின் இடுக்கு வழியே வெளியேற வேண்டும். விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவில்தான் தூசி கம்பளி நெய்து வைத்திருக்கும். வழி அடைபட்டதும் சூடு ஏறும், சூடு ஏறினால் விசிறி இன்னும் வேகமாக ஓடும். வேகம் இரட்டித்தால் காற்றும் இரட்டிக்கிறது, நியாயம்தான். ஒலியாற்றலோ வேகத்தின் ஐந்தாம் படியில் உயர்ந்து 32 மடங்காகிறது, அதாவது 15 டெசிபல் கூடுகிறது. இங்கே விசிறி நோயாளியே அல்ல, அளவுக்கு மீறி உழைக்கும் தொழிலாளி. இந்த நிலையில் புது விசிறி வாங்கிப் போடுபவர், கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டதற்குப் புதுப் பம்பு வாங்குபவர். பின்மூடியைத் திறந்து, இதழ் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, கம்பளியை பிரஷ்ஷால் உரித்தெடுத்தால் போதும். வெளியிலிருந்து ஊதினால் கம்பளி உள்ளேயே திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

மறுப்புரைகளுக்கு வருவோம். ஒலிக்குறிப்புச் சொற்கள் மொழிக்கு மொழி வேறுபடுகின்றன; தமிழ் நாய் லொள்ளென்று குரைக்க ஆங்கில நாய் வேறு விதமாகக் குரைக்கிறது; ஆகவே ‘கறகற’ என்பதை நோய்க்குறியாகக் கொள்ள முடியாது என்பர் மொழியியலார். ஏற்கிறோம். ஆனால் நமக்கு வேண்டியது கறகறவுக்கும் கடகடவுக்கும் இடையிலுள்ள வேறுபாடு மட்டுமே. இரண்டையும் ஒருவர் எப்படி ஒலித்தாலும் கவலையில்லை. ஒரே விசிறியைக் கணவர் ‘கர்கர்’ என்றும் மனைவி ‘கொரகொர’ என்றும் சொல்லிச் சண்டையிட்டால் அது நல்ல அறிகுறி, இருவருமே கவனித்துக் கேட்டிருக்கிறார்கள்.

கடைக்காரர் ஆயிரம் விசிறி பார்த்தவர், அவர் காது நம் காதைவிடத் தேர்ந்ததல்லவா என்பது இதைவிட வலிய மறுப்பு. தேர்ந்ததுதான். ஆனால் சத்தம் அங்கே வருவதில்லை. வீட்டில் ராத்திரி பதினொரு மணிக்குக் கறகறத்த விசிறி, சென்னை ரிச்சி தெருக் கடையின் கண்ணாடி மேசைமேல் வைத்ததும் பட்டுப்போல ஓடும். இதில் மாயம் ஏதுமில்லை: அப்போதுதான் ஆன் செய்த கணினி சூடேறியிருக்காது, சூடேறாத கணினியில் விசிறி மெதுவாகத்தான் சுற்றும், மெலிதாக ஏதேனும் கேட்டாலும் வெளியே அடிக்கும் ஹாரன் விழுங்கிவிடும். எனவே கடைக்காரர் தம் தேர்ந்த காதைப் பயன்படுத்த வழியின்றி, “ஃபேன மாத்திடலாம் சார்” என்கிறார். அது பரிசோதனையின் முடிவல்ல, பரிசோதிக்க முடியாததன் முடிவு. கடைக்குப் போகிறவரும் பெயரோடு போக வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் கிளைத்தேற்றம்.

எண்ணெயைப் பற்றி ஒரு சொல். கறகறவுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும் என்பது பரவலான நம்பிக்கை. தையல் மெஷின் எண்ணெயானால் சில வாரமோ சில மாதமோ ஓடும், தேய்ந்த புஷ் மீண்டும் வளராது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறைவது. ஏசி அறையில் காலையில் கணினியை ஆன் செய்பவர் அதன் பலனை அனுபவிப்பார்.

கை அணியினருக்கு ஓரிடத்தில் பணிய வேண்டியிருக்கிறது. சில மடிக்கணினிகளில் விசிறி, மதர்போர்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதை அடைய ரிப்பன் கேபிள் ஒவ்வொன்றின் சிறு தாழையும் நகத்தால் தூக்க வேண்டும். தாழ் உடைந்தால் கீபோர்டு போயிற்று. நீளத் திருகைக் குட்டைத் திருகின் குழியில் இறுக்கினால் போர்டையே துளைத்துவிடக்கூடும். கழற்றும்போதே தாளில் படம் வரைந்து அந்தந்த இடத்தில் திருகைக் குத்தி வைக்காதவருக்கு எந்தக் காதும் உதவாது. பேட்டரி இணைப்பை முதலில் பிடுங்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம்; ஆனால் சொல்லாவிட்டால் செய்வதில்லை. இவ்வகை மாடல் வைத்திருப்பவர் ஒலியின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போகட்டும்.

இன்னும் ஒரு நிலை மீதமிருக்கிறது, நம் கோட்பாடு தடுமாறும் நிலை. கறகறத்துக்கொண்டிருந்த விசிறி ஒருநாள் ஓய்ந்துவிடுகிறது. “தானா சரியாயிடுச்சு” என்று வீட்டில் எல்லோரும் மகிழ்கிறார்கள். மௌனத்துக்கு ஏது இரட்டைக்கிளவி? உடல்நலத்தின் மௌனமும் உண்டு: வேலை குறைந்தால் பல கணினிகள் விசிறியை நிறுத்திவைக்கும், 2020இல் வந்த எம்1 மேக்புக் ஏரில் விசிறியே கிடையாது. பிணத்தின் மௌனமும் உண்டு: விசிறி இறுகி நின்றபின் செயலி 100 டிகிரியை நெருங்கித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், ஓடும் படம் திக்கும், பிறகு திரை அணையும். இரண்டையும் காது பிரித்தறியாது. முதல் பத்தியில் ஒதுக்கிய கையைத்தான் இங்கே கூப்பிட வேண்டும். உள்ளங்கையைக் கீபோர்டின் மேற்புறத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறோம், மெதுவாக.