‘போட்டுப் பாத்துரலாம்’ அண்ணன்

“லேப்டாப் ஸ்லோவா இருக்கு” என்று இவர் காதில் விழும்படி சொல்லிவிடாதீர்கள். சட்டைப் பையிலிருந்து தினத்தந்தித் தாளில் மடித்த பழைய டெஸ்க்டாப் ராம் ஒன்று வெளியே வந்துவிடும்.

“சும்மா கிடக்குது தம்பி. போட்டுப் பாத்துரலாம்.”

“போகாதுண்ணே.”

“ராம்னா ராம்தானே?”

டெஸ்க்டாப் ராம் 133 மில்லிமீட்டர் நீளம். லேப்டாப் ராம் அதில் பாதிதான், 67 சொச்சம். இரண்டிலும் டிடிஆர்3 என்றே எழுதியிருக்கும். அதற்கு 240 பின், இதற்கு 204. இதை நாம் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் திருப்பிப் பிடித்திருப்பார். அப்புறம் குறுக்கே வைப்பார். அப்புறம் ஊதுவார். ஊதியும் நீளம் குறையாததால் ரப்பர் வாங்கிப் பின்னைத் தேய்ப்பார். கடைசியில், “கம்பெனிக்காரன் வேணும்னே பெருசா பண்ணிட்டான்.” கள்ளக்குறிச்சியையே 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரித்துவிட்டார்கள், அண்ணன் மனதில் டெஸ்க்டாப்பும் லேப்டாப்பும் இன்னும் ஒரே மாவட்டம்.

ராம் தோற்றால் மூன்றரை அங்குல ஹார்ட் டிஸ்க் வரும். அதற்கு 12 வோல்ட்டும் வேண்டும். லேப்டாப் தருவது 5 வோல்ட். ஆனால் சாட்டா வாய் மட்டும் பொருந்தித் தொலைக்கும். “பாத்தியா!” என்பார். மூடியைக் கழற்றிவிட்டே ஓட்டலாமாம்.

நல்லவர்தான். செத்த லேப்டாப்பின் இரண்டரை அங்குல டிஸ்க்கை டெஸ்க்டாப்பில் மாட்டி, எத்தனையோ பேருக்குக் கல்யாண போட்டோவை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அந்தப் பக்கமாகப் போனால் பொருந்தும். கூலி ஒரு டீ.

ஆனால் வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகப் பஸ் பிடித்து, அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியோடு ஒரு பையன் வந்தான். ‘போட்டுப் பாத்ததில்’ ஸ்லாட்டின் கிளிப் உடைந்தது. “அது முன்னாடியே லூசுதான்” என்றார் அண்ணன். பையன் ஒன்றும் பேசாமல் மலையேறினான். இதில் சிரிக்க எனக்கு ஒன்றுமில்லை. அடுத்தவர் பொருளில் பரிசோதனை செய்ய இவருக்கு யார் உரிமை கொடுத்தது?

மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு: டெஸ்க்டாப்பின் யூஎஸ்பி கீபோர்டு, மவுஸ் லேப்டாப்பில் வேலை செய்யும், ஒயர் வாய் ஒத்துப்போனால் மானிட்டரும் ஓடும். ராம் வேண்டுமென்றால், லேப்டாப்பில் இருப்பதைக் கழற்றிக் கடையில் காட்டி அதே ரகம் கேளுங்கள். அண்ணனைப் பார்த்தால் டீ வாங்கிக் கொடுங்கள், லேப்டாப்பைக் கொடுக்காதீர்கள்.