சட்டைப்பைக் கேமராக்காரர்

எங்கள் பாகூர் கொம்யூனில் சிறிதாக எதையும் செய்யும் வழக்கம் கிடையாது. குழந்தைக்குக் காது குத்தினால் பத்தடிக்கு டிஜிட்டல் பேனர் வைப்பார்கள். மாமன்கள், சித்தப்பாக்கள், கட்சிக்காரர்கள் என்று முப்பது தலை அதில் இருக்கும். காது குத்திக்கொள்ளப் போகும் குழந்தையைத்தான் தேட வேண்டும். இப்படிப்பட்ட மண்ணில், செலியமேட்டில், 'எது சிறுசோ அதுதான் அழகு' என்று ஒரு மனிதர் கிளம்புகிறார் என்றால் அவரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியுமா?

அவர் ஒருவரல்லர், ஒரு வகை. வில்லியனூரில் ஒருவர் இருப்பார், கரிக்கலாம்பாக்கத்தில் ஒருவர் இருப்பார். உங்கள் தெருவிலும் தேடினால் கிடைப்பார். செலியமேட்டுக்காரரைத்தான் நான் கிட்டத்திலிருந்து பார்த்திருக்கிறேன் என்பதால் அவரை வைத்தே சொல்கிறேன்.

ஐம்பதைத் தாண்டிய வயது. அரைக்கைச் சட்டை. அதன் பையை மட்டும் ஓர் அங்குலம் கூடுதலாக இறக்கித் தைக்கும்படி தையல்காரரிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பைக்குள் அடங்குவதுதான் கேமரா, அடங்காதது கேமராவே இல்லை என்பது அவர் கொள்கை. "தோள்ல தொங்குனா அது கூலி வேலப்பா. நெஞ்சுல குந்திக்கினு இருக்கணும், இருக்கறதே தெரியக் கூடாது" என்பார். பாண்டி நேரு வீதியில் எப்போதோ வாங்கிய சின்ன டிஜிட்டல் கேமரா ஒன்றுதான் அங்கே குடியிருக்கிறது.

கேமரா பையில் அடங்கிவிட்டது, சரி. அதன் பரிவாரம்? கையடக்க முக்காலி, குட்டி விளக்கு, ஒட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடி மூன்று, உபரி பேட்டரி நான்கு, துடைக்கிற துணி, தூசி ஊதுகிற ரப்பர் உருண்டை, வண்டுகளுக்குப் பின்னால் பிடிக்க ஒரு வெள்ளை அட்டை. இத்தனையும் ஒரு கட்டைப்பையில் அவர் பின்னாலேயே வரும். தூக்கி வருவது பெரும்பாலும் மைத்துனர். நகக்கண் அளவு மெமரி கார்டுகள் மட்டும் வீட்டுக்காரம்மாவின் கம்மல் டப்பாவில் இருக்கின்றன. விசேஷத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் அந்த அம்மாள் ஒருமுறை கம்மல் என்று நினைத்து எதைக் கையில் எடுத்தார் என்பதைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை.

அவருக்குக் குலதெய்வங்கள் மூன்று உண்டு. முதலாமவர் ஜெர்மனியின் ஆஸ்கர் பார்னாக். ஆஸ்துமாக்காரர். கண்ணாடித் தகடு போட்ட பெரிய கேமராவைச் சுமந்து மலையேற மூச்சு இடம் கொடுக்கவில்லை. சினிமா பிலிமைப் போட்டு எடுக்கக் கையடக்கமாக ஒன்றைச் செய்தார். அதுதான் 1925-இல் லைக்கா என்று கடைக்கு வந்தது. "மூச்சு முட்டினதாலதான்பா உலகத்துக்கே விடிஞ்சுது" என்று நம்மவர் சொல்லும்போது அவருக்கும் லேசாக இளைக்கும். இரண்டாவது, மினாக்ஸ். லாட்வியாவின் ரீகா நகரில் 1938 முதல் தயாரானது. வால்டர் சாப் என்பவர் வடிவமைத்தது. அதில் பதியும் படம் 8 மில்லிமீட்டருக்கு 11 மில்லிமீட்டர். பின்னால் ஒற்றர்கள் விரும்பி வைத்துக்கொண்ட கேமரா. நம்மவர் அதை நேரில் கண்டதில்லை. ஆனால் அதன் படத்தை அசல் அளவிலேயே அச்சடித்துப் பர்ஸில் வைத்திருக்கிறார், முன்பு மனைவியின் படம் இருந்த இடத்தில்.

மூன்றாமவர்தான் உள்ளூர்ச் சம்பந்தம் உள்ளவர். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே-ப்ரெசோன் 1950 ஏப்ரலில் புதுச்சேரி ஆசிரமத்துக்கு வந்து ஸ்ரீ அரவிந்தரைப் படமெடுத்தார். அரவிந்தர் பல ஆண்டுகளாகக் கேமராவுக்கு முகம் காட்டாதவர். அதே ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி மறைந்தார். "அந்த ரூமுக்குள்ள பெரிய பெட்டியத் தூக்கிக்கினு போயிருந்தா விட்டிருப்பாங்களா?" என்பது நம்மவர் கேள்வி. ஆசிரமத்து அன்னை அனுமதி கொடுத்ததால்தான் விட்டார்கள், பெட்டியின் அளவை யாரும் கேட்கவில்லை என்று சொல்லிப் பாருங்கள். காதில் விழாது.

அந்தப் பிரெஞ்சுக்காரர் தன் லைக்காவின் பளபளப்பு ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று கறுப்பு டேப் ஒட்டி மறைத்துக்கொள்வார். இதைப் படித்த அன்றே நம்மவர் எலக்ட்ரிக் கடையில் இன்சுலேஷன் டேப் வாங்கித் தன் வெள்ளிநிறக் கேமராவைச் சுற்றிவிட்டார். யார் கண்ணிலும் படக் கூடாது என்று ஆசைப்பட்டார், பலித்தது. அறுவடைச் சமயம், நெல் காயப்போட்டிருந்த தார் ரோட்டோரம் அதை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்புவதற்குள் இருட்டிவிட்டது. தார் எது, கேமரா எது? டார்ச் அடித்து நாலு பேர் தேடினோம். அந்த வழியாக வந்த டிராக்டர்களை எல்லாம் மைத்துனர் கையைக் காட்டி நிறுத்தினார். "இன்னாண்ணே காணாப்போச்சு, நகையா?" என்று கேட்ட டிரைவரிடம், "அதவிடச் சின்னது" என்றார் நம்மவர், அந்த நிலைமையிலும் ஒரு பெருமிதத்தோடு.

பெரிய கேமரா வைத்திருக்கும் கல்யாணப் படக்காரர்களோடு அவருக்குத் தீராத வாய்க்கால் தகராறு. அவர்கள் கேமராவின் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர். இவருடையது 6-க்கு நாலரைதான் இருக்கும், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று கேட்பார். கேள்வியில் நியாயம் உண்டு. பெரிய சென்சாரில் ஓர் எறும்பைக் கிட்டத்தில் எடுத்தால் கண் தெளிவாக விழும்போது கால்கள் மங்கிவிடும். தெளிவு நிற்கிற ஆழம் அவ்வளவு குறைவு. சின்ன சென்சாருக்கு லென்ஸின் குவியத்தூரமும் குறைவு; அதனால் கொம்பிலிருந்து வால் வரை எறும்பு முழுசாகக் கிடைக்கும். பூச்சி புழு எடுக்கிறவர்களுக்கு இது வரம். அதே சின்ன சென்சார், வெளிச்சம் குறைந்தால் படம் முழுக்க ரவையைக் கொட்டிவைக்கும் என்பதும் உண்மைதான். அதைக் கேட்டால், "அது பனிப்பா" என்பார். சித்திரையிலும் பனிதான்.

இனி அவர் எடுக்கும் படங்கள். பாகூர் ஏரிக்குப் பறவை பார்க்க எல்லாரும் போவார்கள்; இவர் கரையில் குந்தி, பறவை உதிர்த்த இறகை எடுப்பார். மூலநாதர் கோயிலுக்குப் போனால் சோழர் காலக் கல்வெட்டில் ஒரே ஓர் எழுத்தை எடுப்பார். கல்லூரிப் பையன் ஒருவன் ஆய்வுக்காக வந்து, "கல்வெட்டு முழுசா இருக்குதா சார்?" என்று கேட்டான். "எழுத்தெழுத்தா வெச்சிருக்கேன், சேத்துப் படிச்சிக்கோ" என்று ஒரு மெமரி கார்டைக் கொடுத்தார். அந்த மாணவன் இப்போது வேறு தலைப்பில் ஆய்வு செய்கிறான். தஞ்சாவூர்ப் பக்கம் புள்ளமங்கை கோயிலில் உள்ளங்கை அகலக் கல்லில் ராமாயணக் காட்சிகளைச் செதுக்கியிருக்கிறார்கள் அல்லவா, அது அவருக்குக் காசி. பெரிய கோயில் இருக்கிற ஊர் வரைக்கும் போய், பெரிய கோயிலைப் பார்க்காமல் திரும்பி வந்த ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

அரிக்கமேட்டு அகழாய்வில் கிடைத்த பழங்கால மணிகளைப் பற்றி அவரிடம் வாய் கொடுக்கக் கூடாது. சில மில்லிமீட்டரே உள்ள கண்ணாடி மணிகள். கண்ணாடியை உருக்கிக் குழாயாக நீட்டித் துண்டு போட்டுச் செய்தவை. கடல் தாண்டித் தென்கிழக்கு ஆசியா வரை போனவை. "1945-ல வீலர் தொர வெட்டின குழி எம்மாம் பெருசு! பேர் வாங்கிக் குடுத்தது எது? மணி!" என்பார். உண்மையில் அகழாய்வாளர் வீலரைக் குதிக்கவைத்தவை ரோமானிய மண்பாண்ட ஓடுகள். அவற்றை வைத்துத்தான் அவர் காலம் கணித்தார். இதை ஒருநாள் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். யோசித்துவிட்டு, "அந்த ஓடும் சிறுசுதான?" என்றார்.

ஆனால் நெல் பூ விஷயத்தில் அவருக்கு நான் சலாம் போட்டாக வேண்டும். பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்கிறோம். நெல்லில் பூவைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? வெயில் ஏறத் தொடங்கும் முற்பகலில் உமி இரண்டாக விரியும். ஆறு மகரந்தப் பைகள் நூலில் தொங்குவது வெளியே தெரியும். ஒரு மணி நேரம் போனால் மூடிக்கொள்ளும். அதற்காக நம்மவர் வரப்பில் குப்புறப் படுத்துக்கிடந்தார். புல்லறுக்க வந்த அம்மாள் பதறிப்போய், "இன்னா சார், உழுந்து கெடக்கறீங்க? வூட்டுக்குப் போன் பண்ணட்டா?" என்றார்.

"உஸ்... பூ பூத்திருக்கும்மா."

"எங்க?"

"நெல்லுலதான்."

"நாப்பது வருசமா நடவு நடறேன். பூக்காமலா அரிசி வருது? அதுக்கு இன்னாத்துக்குப் படுக்கணும்?"

பதில் சொல்ல அவருக்கு நேரமில்லை. பூ மூடப் போகிறது. படம் அருமையாக வந்தது. அந்த அம்மாளிடமும் காட்டினார். இரண்டரை அங்குலத் திரையை வெயில் படாமல் கையால் மறைத்துக் காட்டுவதும், காட்டும்போது "இன்னா தெரியுது, சொல்லு" என்று பரீட்சை வைப்பதும் அவர் வழக்கம். நாம் தோற்க வேண்டும். தட்டான் சிறகைக் காட்டினால் 'கொசுவலை' என்று சொல்ல வேண்டும். குழியானையின் கொடுக்கைக் காட்டினால் 'பலாப்பழம் வெட்டுகிற கத்தியா?' என்று திகைக்க வேண்டும். சரியாகச் சொல்லிவிட்டால் அன்று முழுக்க அவர் முகம் வாடியிருக்கும். நான் சரியாகச் சொல்வதை விட்டு வெகுகாலமாகிறது.

பிள்ளைகளுக்கு அவர் மேல் பிரியம். போன் கேமராவின் கண் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் அதுவே பூதக்கண்ணாடியாகிவிடும் என்று சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். முதல் சொட்டில் சர்க்கரைக் கட்டி பாறையாகத் தெரிந்தது. இரண்டாம் சொட்டு போனுக்குள் போய்விட்டது. போன், வழக்கம்போல, மைத்துனருடையது.

சொந்தக்காரர்கள்தான் பாவம். அண்ணன் மகளின் மஞ்சள் நீராட்டுக்கு, 'வீட்டிலேயே கேமரா இருக்குதே' என்று வெளியாளைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். இவர் முன்னூறு படம் எடுத்தார். ஆரத்தித் தட்டில் குங்குமத் துகள், மருதாணிக் கோட்டின் ஓரம், சந்தனக் கிண்ணத்தில் விழுந்த ஈ, ரவிக்கை ஜரிகையில் ஒற்றை இழை, மொய் நோட்டில் ஒரு சுழியம். பெண்ணின் முகம் ஒரு படத்திலும் இல்லை. மூக்கு நுனி ஒன்றில் இருந்தது. "மொய் வெச்ச கை இருக்குது, வெச்ச ஆளு எங்கடா?" என்று பெரியம்மா கேட்டதற்கு, "கையப் பாத்தா ஆளத் தெரியலையா பெரிம்மா?" என்றாராம். அந்த வீட்டில் அதற்கப்புறம் அவருக்குப் பந்தி பரிமாறுகிற பொறுப்புதான் தருகிறார்கள்.

காலமும் அவருக்குச் சோதனை வைத்துப் பார்த்தது. ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் சங்கக் கணக்குப்படி, 2010-இல் 12 கோடிக்கும் மேல் டிஜிட்டல் கேமராக்கள் உலகச் சந்தைக்குப் போயின. 2023-இல் 80 லட்சம்கூட இல்லை. செல்போன் வந்து சட்டைப்பைக் கேமராக்களைத்தான் முதலில் தின்றது. பேட்டரி கேட்டுப் போனால் கடைக்காரர் இவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு காற்று திரும்பியது. இப்போது கல்லூரிப் பெண்கள் பழைய குட்டிக் கேமராவைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். பாண்டியில் படிக்கும் பெண் ஒருத்தி பாகூர் பஸ்ஸில் இவருடையதைப் பார்த்து, "சூப்பரா இருக்குது அங்கிள், எங்க கிடைச்சுது?" என்றாள். மூன்று நாள் எங்களோடு பேசும்போது அவர் குரலில் ஒரு தோரணை இருந்தது.

அவர் எடுத்ததிலேயே நல்ல படம் அவருக்குப் பிடிக்காத படம். தெருக்கோடிப் பாட்டி ஒருவரின் கல் மூக்குத்தியை எடுக்கப் போனார். பாட்டி திண்ணையைவிட்டு நகரவில்லை. அவரை நெருங்க நாய் விடவில்லை. எட்ட நின்று எடுத்ததில் மூக்குத்தியோடு முகமும், முகத்தோடு சிரிப்பும் விழுந்துவிட்டன. கேமரா இருப்பதே தெரியாத சிரிப்பு. பெரிய கேமராவைப் பார்த்திருந்தால் பாட்டி முந்தானையைச் சரிசெய்துகொண்டு விறைத்திருப்பார். சின்னக் கேமராவுக்காக அவர் சொல்லும் நூறு வாதங்களில் அந்தப் படம் ஒன்றே போதும். பாட்டி காலமானபோது பிள்ளைகள் அதை வாங்கிப்போய்ப் பதினைந்தடிக் கண்ணீர் அஞ்சலி பேனராக முச்சந்தியில் வைத்தார்கள். நம்மவர் துடித்துப்போனார். "எம்மாஞ் சின்னப் படம், இப்பிடியா ஊதுறது!" என்று புலம்பியபடியே கிட்டப் போனார். மூக்குத்தி சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருந்தது. அண்ணாந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "கல்லு ஷார்ப்பாதான் வந்துருக்குது" என்றார்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய குட்டிக் கேமரா பீரோவில் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், செலியமேட்டுக்கு அனுப்பிவையுங்கள். பேட்டரி இருந்தால் அதையும் சேர்த்து. வீட்டில் கல்யாணம் என்றால் மட்டும் படமெடுக்கத் தயவுசெய்து வேறு ஆளைப் பாருங்கள்.