லீடர் அண்ணன்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்குச் செரண்டாவில் விழித்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். இரவு ஷிப்ட் முடித்து வீடு திரும்புகிறவர்கள், அபிஷேகத்துக்குத் தண்ணீர் பிடிக்கிற கோயில் ஐயர், அப்புறம் லீடர் அண்ணன். மற்றவர்களுக்கு அதற்குச் சம்பளம் உண்டு. லீடர் அண்ணன் கைக்காசைப் போட்டு விழித்திருக்கிறார். தான் விழித்தது போதாதென்று இன்னும் இருபது பேரைப் போன் போட்டு எழுப்பவும் செய்கிறார்.

வட சிலாங்கூரில் மலையேறும் குழு இல்லாத தமிழர் குடியிருப்பு இப்போது அபூர்வம். ரவாங், புக்கிட் செந்தோசா, புக்கிட் பெருந்தோங், பத்தாங்காலி என்று எங்கே போனாலும் ஒரு புலனக் குழு, ஒரு டீ-சட்டை, ஒரு லீடர் அண்ணன். பெயர்தான் மாறும், ஆள் ஒருவர்தான். வயது நாற்பத்தைந்து இருக்கும். வாரநாளில் சுங்கை சோ பக்கம் கார் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருப்பார், இல்லாவிட்டால் லாரி கம்பெனியில் கணக்குப் பார்ப்பார். ஒருநாள் டாக்டர் அவரிடம் இனிப்பு நீர் எல்லைக்கோட்டில் நிற்கிறது, கொஞ்சம் நடங்கள் என்று சொல்லியிருப்பார். நடக்கத்தான் சொன்னார் டாக்டர். மலையில் ஏறச் சொல்லவில்லை. ஊரைக் கூட்டிக்கொண்டு ஏறச் சொல்லவே இல்லை.

ஆளைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். கால்சட்டையில் எங்கெல்லாம் துணி இருக்கிறதோ அங்கெல்லாம் பை. ஒன்றில் விசில், ஒன்றில் உப்புப் பொட்டலம், ஒன்றில் டெட்டால் கலந்த தண்ணீர், ஒன்றில் மற்ற பைகளில் என்ன இருக்கிறது என்று எழுதிய காகிதம். இடுப்பில் கயிறு மாட்டுகிற இரும்புக் கொக்கி இரண்டு தொங்கும். அதில் இதுவரை மாட்டப்பட்டது கார் சாவி மட்டும். காலில் மட்டும் எந்தப் பந்தாவும் கிடையாது: பத்து, பதினைந்து வெள்ளிக்குக் கிடைக்கிற கறுப்பு ரப்பர்ச் சப்பாத்து. நாடு முழுக்க அதற்கு ‘அடிடாஸ் கம்போங்’ என்று பெயர். வழுக்குப் பாறையிலும் சேற்றிலும் அதை மிஞ்ச ஆள் இல்லை. முதல் தடவை வருகிற மாப்பிள்ளைகள் ஐந்நூறு வெள்ளிச் சப்பாத்தில் வந்து, பாதி வழியில் அடிப்பாகம் வாய் பிளக்க, அதைக் கயிற்றால் கட்டிக்கொண்டு நொண்டுவதை அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் பார்ப்பார். அந்தப் பார்வைக்குத்தான் அவர் இவ்வளவு தூரம் வருகிறார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அந்தச் சப்பாத்து பால்மரம் வெட்டுகிறவர்களின் சப்பாத்து. அண்ணனின் அம்மா முதன்முதலாக மகனை இந்தக் கோலத்தில் பார்த்தபோது வாசல் படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். காலிலே கறுப்புச் சப்பாத்து, நெற்றியிலே விளக்கு, வெளியே இன்னும் இருட்டு. அந்தம்மா சின்ன வயதில் தோட்டத்தில் நாளொன்றுக்கு 400, 500 மரம் வெட்டியவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் விடிவதற்கு முன்பே நிரையில் நிற்க வேண்டும். மலைச்சரிவு என்றால் காண்டா கம்பில் இரண்டு பக்கமும் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு, பால் சிந்தாமல் இறங்க வேண்டும்.

“எங்கடா ஐயா போற, இந்நேரத்துல?”

“மலை ஏறத்தாம்மா.”

“எவ்வளவு கொடுக்கிறாங்க?”

“நாமதாம்மா கொடுக்கணும். அறுபது வெள்ளி. பெர்மிட்டு, வழிகாட்டி, சாப்பாடு எல்லாம் சேர்த்து.”

அந்தம்மா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மகனை மேலும் கீழும் பார்த்தாராம். “நானும் இதே சப்பாத்தப் போட்டுத்தான்டா முப்பது வருஷம் ஏறினேன். எனக்கு மாசாமாசம் சம்பளம் கொடுத்தான்டா வெள்ளைக்காரன்.”

இதை அண்ணனே ஒவ்வொரு பயணத்திலும் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அந்தம்மா சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு, அதை நாங்கள் நேரில் பார்க்கிறோம். கார் நிறுத்துமிடத்தில் இருட்டில் எங்களை வரிசையாக நிறுத்தி, கையில் நோட்டோடு பெயர் படிக்கிறாரே, அது அசல் தோட்டத்துப் பெரட்டு. பேர் கூப்பிட்டதும் ‘இருக்கேன்’ என்று சொல்ல வேண்டும். தாமதமாக வந்தால் முறைப்பு. தலைவலி என்றால் நம்ப மாட்டார். தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, மாடி வீடு வாங்கி, இரண்டு தலைமுறையாகக் கங்காணி இல்லாமல் இருந்து பார்த்தோம். பழக்கம் விடவில்லை. கடைசியில் நாமே சந்தா கட்டி ஒரு கங்காணியை வைத்துக்கொண்டோம்.

கிளம்பியதும் மலைக்குப் போவதில்லை, கடைக்குப் போகிறோம். கோலகுபு பாருவில் பசியாறாமல் எந்த மலையும் ஏற முடியாது என்பது குழுவின் எழுதாத சட்டம். ரொட்டி சானாய் வந்து, தே தாரிக் வந்து, இரண்டாவது ரொட்டிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும் இடைவெளியில் அண்ணன் ஊர் வரலாறு சொல்வார். இப்போது இருக்கிற கோலகுபு பாரு புது ஊர். பழைய கோலகுபுவில் 1883-ல் அணை உடைந்து ஊரை அடித்துக்கொண்டு போனது. அதில் செசில் ரேங்கிங் என்ற வெள்ளைக்கார அதிகாரியும் செத்தார். அணையைக் காவல் காத்த வெள்ளை முதலையை அவர் சுட்டுவிட்டார், அந்தச் சாபத்தில்தான் அணை உடைந்தது என்று உள்ளூரில் ஒரு கதை உண்டு. கதை பழையதுதான், முதலையின் நீளம் மட்டும் அண்ணனைச் சார்ந்தது. போன வருஷம் அது பன்னிரண்டடி. இந்தத் தீபாவளிக்கு முன்னால் இருபதைத் தாண்டிவிட்டது. மேசையில் புதுமுகம் யாராவது பெண்பிள்ளை இருந்தால் முதலைக்குக் கண்ணும் சிவக்கும்.

எங்களின் ஆஸ்தான மலை புக்கிட் கூத்து. உயரம் 1,053 மீட்டர். பெர்த்தாக் பூர்வக்குடிக் கிராமத்திலிருந்து ஏற வேண்டும். பாலம் தாண்டி, ஆறு தாண்டி, மூங்கில் புதர் தாண்டி, மூச்சு இரைக்க ஆரம்பிக்கிற இடத்தில்தான் அண்ணனின் தனித்திறமை வெளிப்படும்.

“இன்னும் எவ்வளவு தூரம்ணே?”

“பத்து நிமிஷம்தான் லா.”

இந்தப் பத்து நிமிஷத்தைப் புரிந்துகொள்ள அனுபவம் வேண்டும். அடிவாரத்தில் சொன்னால் அது ஒரு மணி நேரம். நடுவழியில் சொன்னால் இரண்டு மணி நேரம், ஏனென்றால் அதற்குள் நமக்குக் கால் போய்விடும். ‘பத்து நிமிஷம், அதுக்கப்புறம் தட்டைதான்’ என்றால் அதற்கப்புறம் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். ‘அதோ, உச்சி தெரியுது பாருங்க’ என்று கையைக் காட்டினால் அது வேறு மலை. எங்களோடு வருகிற மலிம், அதாவது வழிகாட்டி, பெர்த்தாக்கைச் சேர்ந்த பெரியவர். அண்ணன் பத்து நிமிஷம் என்று சொல்லும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மரத்தைப் பார்ப்பார். வழி உண்மையில் தெரிந்தவர் அவர்தான். ஒரு பழைய ஜப்பான் செருப்போடு முன்னால் போய், ஒரு கல்லில் உட்கார்ந்து, நாங்கள் வந்து சேர்வதற்குள் ஒரு ரோக்கோக் புகைத்து முடித்திருப்பார்.

நடுவில் படுத்துவிடுகிறவர்களுக்கு அண்ணனிடம் ஒரு மருந்து இருக்கிறது. “எவரெஸ்ட் ஏறின முதல் மலேசியன் யாரு?” என்று கேட்பார். கேள்விக்கு விடை எங்கள் குழுவில் குழந்தைக்கும் தெரியும்: 1997 மே 23, எம். மகேந்திரன், அவருக்குப் பின்னாலேயே என். மோகனதாஸ். “ரெண்டு பேரும் யாரு? நம்ம ஆளுங்க. அவங்க எட்டாயிரத்து எண்ணூறு மீட்டர் ஏறினாங்க. நீ எண்ணூறு மீட்டருக்கு மல்லாந்துட்ட.” கீழே கிடப்பவர் எழுந்து பத்தடி நடப்பார். அண்ணன் குரலைத் தாழ்த்தி மீதியைச் சொல்வார்: “அந்த வருஷம் எனக்கு எஸ்.பி.எம். பரீட்சை. இல்லாட்டி நானும் மனுப் போட்டிருப்பேன்.”

உச்சிக்குச் சற்றுக் கீழே காட்டுக்கு நடுவில் ஒரு செங்கல் புகைபோக்கி தன்னந்தனியாக நிற்கிறது. 1890-களில் சிலாங்கூரின் ரெசிடென்டாக இருந்த வில்லியம் டிரீச்சரின் பெயரால் இந்த மலைக்கு ‘டிரீச்சர் குன்று’ என்றும் பெயர். வெள்ளைக்காரத் துரைமார் காய்ச்சல் தெளியவும் காற்று வாங்கவும் மேலே பங்களா கட்டிக்கொண்டார்கள். பங்களா போய்விட்டது, கணப்பு மூட்டிய இடமும் புகைபோக்கியும் மட்டும் மிச்சம். சட்டையைப் பிழிந்தால் அரை வாளி வேர்வை வருகிற நிலைமையில் அதற்கு முன்னால் நின்று, இங்கே ஒருவன் குளிர் தாங்காமல் நெருப்பு மூட்டினான் என்று கேட்பதற்கு ஒரு பக்குவம் வேண்டும். அந்தப் பங்களாவுக்கு மெத்தையும் மேசையும் சாராயப் புட்டியும் தாமாக ஏறி வந்திருக்காது. யாரோ ஒருவன் தலையில் வைத்துத்தான் தூக்கி வந்திருப்பான். அந்த ஆளிடம் யாராவது பத்து நிமிஷம் என்று பொய் சொல்லியிருப்பார்களா, தெரியவில்லை.

பொழுதுபோக்குக்காகக் காட்டில் மூச்சு வாங்குவது இந்த மாநிலத்துக்குப் புதிதல்ல. ‘ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்’ என்று இன்று உலகம் முழுக்க இருக்கிற ஓட்டக் குழுக்களின் மூலம் கோலாலம்பூர்தான். 1938-ல் கிஸ்பர்ட் என்ற கணக்காய்வாளரும் கூட்டாளிகளும் ஆரம்பித்தார்கள். ஒருவன் முன்னால் ஓடிக் காகிதத் துண்டுகளைப் போட்டுக்கொண்டே போவான். மற்றவர்கள் அதைத் தேடிப் பின்னால் ஓடுவார்கள். ரப்பர்த் தோட்டம், தகரக் கொல்லை, சேறு எல்லாம் கடந்து கடைசியில் பீர். அண்ணனும் அதே பரம்பரைதான், பீர் மட்டும் வீட்டம்மாவுக்குப் பயந்து நூறு பிளஸ் ஆகிவிட்டது. காகிதமும் உண்டு. எங்கள் ஆட்கள் மிட்டாய்த் தாளையும் மைலோ பெட்டியையும் போட்டுக்கொண்டே போவார்கள், அண்ணன் பொறுக்கிக்கொண்டே பின்னால் வருவார். அவரைக் காணோமென்றால் யாரோ முறுக்குப் பொட்டலம் பிரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அட்டை விஷயத்தில் மட்டும் அவருடைய விஞ்ஞானம் செல்லுபடியாகவில்லை. உப்பு, டெட்டால், காலுறைக்கு மேல் காலுறை எல்லாம் போட்டும் இறங்கி வந்து பார்த்தால் கணுக்காலில் நாலு தொங்கும். அம்மா சொன்ன வழி, காலில் சவுக்காரத்தைக் காயக் காயத் தேய்த்துக்கொண்டு போவது. அதற்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. நான் தேய்த்துக்கொண்டு போகிறேன், எனக்கு ஒன்றும் ஒட்டுவதில்லை. அவரிடம் சொல்லவில்லை.

இவ்வளவு கேலி செய்கிறேனே, அந்த ஆளை நம்பி எதற்குக் குடும்பத்தோடு போகிறாய் என்று கேட்கலாம். செரண்டாவிலேயே பெரிகி துஜோ இருக்கிறது, அருவி விழுந்து விழுந்து பாறையில் குடைந்த தடாகங்கள் வரிசையாக. ஒருநாள் மதியம் அங்கே இருந்தோம். வெயில் பளீரென்று அடிக்கிறது, பிள்ளைகள் தண்ணீரில், நெகிழிப் பெட்டியில் புளிச்சோறு. அண்ணன் மட்டும் சாப்பிடாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியாக இருந்த தண்ணீரில் தே ஓ நிறம் ஒரு கோடாக இறங்கியது. கூடவே காய்ந்த இலை, குச்சி. அவ்வளவுதான், விசிலை எடுத்தார்.

“எல்லாரும் மேல! சாமான விடுங்க! மேல!”

“வெயில் அடிக்குதேண்ணே...”

“மேல ஏறுடான்னா!”

மலாய்க்காரர்கள் ‘கெப்பாலா ஆயர்’ என்று சொல்வது இதைத்தான். நம் தலைக்கு மேல் வெயில் இருக்கும். மலை உச்சியில் எங்கோ பெய்த மழை, விழுந்த மரத்திலும் சருகிலும் தேங்கி நின்று, அடைப்பு உடைந்ததும் மொத்தமாக இறங்கும். நாங்கள் பாறைக்கு மேல் ஏறி, தலைகளை அண்ணன் இரண்டாம் தடவை எண்ணிக்கொண்டிருக்கும்போது சத்தம் கேட்டது. புளிச்சோறு, பாய், ஒரு ஜோடி ஐந்நூறு வெள்ளிச் சப்பாத்து எல்லாம் போயின. ஆள் ஒன்றும் போகவில்லை. 2022 டிசம்பர் 16 விடியற்காலை பத்தாங்காலி முகாமில் கூடாரமடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் மண் சரிந்து 31 பேர் மாண்டதிலிருந்து மழை விஷயத்தில் அவரிடம் யாருடைய செல்லமும் எடுபடாது. வனத்துறை பெர்மிட் இல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டார். வானம் கறுத்தால் பாதி மலையில் திருப்பிவிடுவார், கட்டிய பணம் போனால் போகட்டும்.

ஆனால் பெரிகி துஜோவில் அன்றைக்கு அவர் செய்தது சரி என்பதுதான் எங்களுக்கு வந்த வினை. அந்தக் கதை இப்போது முதலையோடு போட்டி போடுகிறது. முதலில் வெள்ளம் முழங்கால் உயரம். இப்போது தென்னை மரம். போன மாதம் அவர் கையில் ஒரு குழந்தையும் சேர்ந்துவிட்டது. யார் குழந்தை என்று இன்னும் முடிவாகவில்லை.

இறங்கி வந்து, வாழையிலைச் சாப்பாடு முடிந்ததும் கணக்கு நேரம். பெட்ரோல், டோல், பெர்மிட், மலிமுக்குக் கொடுத்தது, ஆளுக்கு எவ்வளவு என்று அண்ணன் போனில் தட்டுவார். அதுவரை மேசையைச் சுற்றி இருந்த கூட்டம் திடீரென்று கை கழுவப் போயிருக்கும். விட்டுப்போனதை அவரே போட்டுவிட்டு, ‘அடுத்த தடவை பார்த்துக்கலாம்’ என்பார். இந்த வசூலுக்குக் கங்காணி உத்தியோகம் எவ்வளவோ மேல்.

இரவு எட்டு மணிக்குப் புலனத்தில் அடுத்த மலைக்கு வாக்கெடுப்பு வரும். இந்தத் தடவை குனோங் நுவாங், 1,493 மீட்டர். வருகிறேன், வரவில்லை, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன், மழை இல்லாவிட்டால் வருகிறேன் என்று நாலு கட்டம். ஐந்து நிமிஷத்தில் நாற்பது பேர் ‘வருகிறேன்’ அழுத்துவார்கள், அதில் ஏழு பேர் வருவார்கள். எல்லாருக்கும் முந்தி அழுத்துகிறவர் ஒருவர் இருக்கிறார். கட்டை விரல், கைகூப்பு, தேசியக்கொடி எல்லாம் போடுவார், டீ-சட்டை ஒன்று விடாமல் வாங்குவார், இதுவரை எந்த மலையடிவாரத்திலும் அவரை யாரும் கண்டதில்லை. அவர்தான் எங்கள் பொருளாளர்.