மகாலட்சுமி ஏன் முகம் திருப்பினாள்?

நாஞ்சில் நாட்டுக் கல்யாண வீட்டில் பந்தியில் அவியலையும் பந்தலில் நகையையும் பற்றிப் பேசாதவர் கிடையாது. டாலர் எத்தனை பவுன், கல் கெம்பா, எந்தக் கடை என்று எல்லாம் விசாரணைக்கு வரும். டாலரைச் செயினில் தொங்கவிடுகிற வளையத்தை மட்டும் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. கன்னியாகுமரி அம்மனின் மூக்குத்திக்குக் கப்பலையே திசைமாற வைத்த கதை உண்டு. வளையத்துக்கு ஒரு வரித் தலபுராணமாவது உண்டா?

மைனி பழைய செயினைக் கொடுத்துப் புதுசு வாங்கி, அதில் தன் லட்சுமி டாலரைக் கோத்து, சுசீந்திரம் தேரோட்டத்துக்கு வந்திருந்தார். லட்சுமி யாருக்கும் முகம் காட்டாமல் பக்கவாட்டில் நின்றாள். மைனி திருப்பி வைப்பார். ரதவீதியில் பத்தடி நடப்பதற்குள் மறுபடி கோபித்துக்கொள்வாள். "நம்ம வீட்டுல லட்சுமி என்னைக்கு நேரா நின்னா?" என்று அண்ணன் வாய்விட்டார். அன்று ராத்திரி அவருக்குச் சாப்பாடு ஓட்டலில்தான்.

வடசேரிக்குப் போனோம். பரதநாட்டியக்காரர்களின் தலைசாமானுக்கும் ஒட்டியாணத்துக்கும் பேர்போன, புவிசார் குறியீடு வாங்கிய கோயில் நகை பிறக்கிற இடம். ஆசாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"டாலர்ல ஒரு கொறையும் இல்ல மக்களே. வளையம் டாலரோட ஒட்டித் தட்டையா நிக்கு. செயினை நேர அதுக்குள்ள விட்டா திரும்பத்தான் செய்யும். குறுக்க ஒண்ணு கெடந்திருக்குமே?"

கிடந்தது, பழைய செயினோடு உருக்குக்குப் போய்விட்டது. ஆசாரி கம்பியை ஆணியில் சுற்றி, ஒரு சுற்றை மட்டும் வெட்டியெடுத்து, டாலர் வளையத்தில் மாட்டி, இடுக்கியால் வாயை நெருக்கிப் பொடி வைத்து ஊதினார். வாய் சேராத வளையம் என்றைக்காவது டாலரைத் தெருவில் விட்டுவிடுமாம். செயின் கொக்கி நுழையுமா என்று முதலிலேயே அளந்துகொண்டார். இழை நுழைந்து கொக்கி நுழையாவிட்டால் அத்தனையும் வீண்.

இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை என்று அரசாங்கமே இந்தப் பொடிசுகளை விட்டுவிட்டது. கூலி விடவில்லை.

லட்சுமி இப்போது நேராக நிற்கிறாள், மைனிதான் நிற்பதில்லை. கோட்டார் சவேரியார் கோயில் திருவிழாவில் முன்பின் தெரியாத ஒரு அம்மாளின் குருசு பக்கவாட்டில் தொங்குவதைக் கண்டவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "அக்கா, ஒங்க செயினக் கொஞ்சம் காட்டுங்க" என்று கழுத்துப் பக்கம் கையை நீட்டினார்.

வளையத்தின் மகிமையைக் காவல் உதவி மையத்தில் நான்தான் விளக்கவேண்டி வந்தது.