அதோ தெரியுது பாருங்க!

வேன் பிடித்துக் குடும்பத்தோடு கொடைக்கானலுக்குக் கிளம்பினால், டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். வேனில் பாதிப் பேருக்கு அவர் பெரியப்பா, மீதிப் பேருக்கு மாமா. அந்த சீட்டில் உட்காருங்கள் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதை தொடங்கியதும் அவருடைய கை தானாக எழும்பும், ஆள்காட்டி விரல் நீளும். திரும்பி ஊருக்கு வந்து சேரும்வரை அது மடங்காது.

அவர் பார்க்க வந்தவரல்ல, காட்ட வந்தவர். மலையும் மரமும் சும்மா இருந்தால் போதாது, அவர் காட்டினால்தான் இருப்பதாகக் கணக்கு. சாலையோரத்தில் 180 அடி உயரத்திலிருந்து ஊரைக் கூட்டிக்கொண்டு விழும் வெள்ளி அருவியைக்கூட, “அதோ பாருங்க, அருவி” என்று ஒப்படைத்துவிட்டுத்தான் அடுத்த வளைவுக்குப் போவார். ஏரியைக் காட்டுவார். ஏரியைச் சுற்றிக் குதிரையில் போகிறவர்களைக் காட்டுவார். குதிரையையும் தனியாகக் காட்டுவார்.

கொடைக்கானலில் இந்த வம்சத்துக்கு நல்ல மரியாதை உண்டு. கோக்கர் என்ற வெள்ளைக்கார லெப்டினன்ட் 1872-இல் மலை விளிம்பை ஒட்டி ஒரு நடைபாதையே போட்டு வைத்தார். அதன் வழியாக யாரும் கடைக்கோ கச்சேரிக்கோ போவதில்லை. நின்று கீழே கையைக் காட்டுவதற்கென்றே ஓர் அரசு அதிகாரி பாதை போட்டிருக்கிறார் என்றால், நம் பெரியப்பாவைக் குறை சொல்ல நமக்கென்ன யோக்கியதை?

ஆனால் கோக்கர்ஸ் வாக்கில் டெலஸ்கோப் இருக்கிறது. அவருக்குப் போட்டி பிடிக்காது. அவருடைய சொந்த மேடை வட்டக்கானலுக்குக் கீழே இருக்கும் டால்பின் மூக்குப் பாறை.

“சின்ன நடைதான். நம்ம வீட்டுலருந்து மார்க்கெட்டுக்குப் போற தூரம். பூராவும் சமமான பாதை” என்று காலையிலேயே அறிவிப்பு வரும். தூரத்தைப் பொறுத்தவரை அது பொய்யில்லை. மரங்களுக்கு நடுவே போகிற ஒற்றையடிப் பாதை, குழந்தைகளும் நடக்கலாம், பாதி வழியில் லெமன் டீ கிடைக்கும். அவர் சொல்லாமல் விடுவது ஒன்றுதான்: இந்தப் பாறை கீழே இருக்கிறது. மற்ற மலைகளில் மூச்சு வாங்க ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு ஹாயாக இறங்கலாம். இங்கே ஹாயாக இறங்கிப் பார்த்துவிட்டு, வயிறு நிறைய மேகி தின்ற பிறகு ஏற வேண்டும். பாதையின் குறுக்கே பின்னிக் கிடக்கும் வேர்கள்தான் படிகள். பெரியம்மாவுக்கு இது போன தடவையே தெரிந்துவிட்டது. வேனைவிட்டு இறங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, “நீங்க போய்க் காட்டிட்டு வாங்க” என்பார். ‘பார்த்துவிட்டு’ என்று அவர் சொல்வதில்லை.

படை கிளம்பும். முன்னால் விரல், நடுவில் பெண்டுபிள்ளைகள், கடைசியில் ஐந்து லிட்டர் தண்ணீர் கேனைச் சுமந்துகொண்டு தம்பி மகன். கொடைக்கானலில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. ஒழுங்காகத் துலக்கின எவர்சில்வர் பாட்டில் ஆளுக்கொன்று கொண்டுவந்திருந்தால் தீர்ந்தது. ஆனால் சட்டத்தை மதிப்பதில் பெரியப்பாவுக்கு நிகரில்லை, கேனைத் தூக்குவதில் தம்பி மகனுக்கு நிகரில்லை.

பைன் மரங்களுக்குள் நுழைந்ததும் அவர் நின்றுவிடுவார். “இதெல்லாம் தேவதாரு. இமயமலையிலிருந்து விதை கொண்டுவந்து ராஜா காலத்துல நட்டது.” எந்த ராஜா என்று யாரும் கேட்பதில்லை, கேட்டால் அரைமணி நேரம் போய்விடும். குணா குகைக்குப் பக்கத்தில் சினிமாக்காரர்கள் பாட்டெடுக்கும் பைன் காடு, பிரையண்ட் என்ற வனத்துறை வெள்ளைக்காரர் 1906-இல் நட்டது. பிரையண்ட் பூங்கா என்று ஊர் சொல்வதும் இவர் பெயரைத்தான். பழனிமலைக்குச் சொந்தமானவை சோலைக்காடும் புல்வெளியும்தான். பைன், யூகலிப்டஸ், தோல் பதனிடப் பட்டை தரும் சீகை எல்லாம் வந்தேறிகள். இங்கே ஏராளமாக நட்டுவைத்த பைன் வகை ஒன்றுக்கு மெக்சிகோ பூர்வீகம். கிளையிலிருந்து மூன்று மூன்றாகக் கட்டிவிட்டதுபோல் தொங்கும் நீள ஊசியிலைகள் உதிர்ந்து, காலடியில் பழுப்பாய் மெத்தென்று கிடக்கும். அதற்குள்ளிருந்து புல் எழுந்து வரப் பெரும் பாடு. செருப்பில் வந்தவர்களுக்கோ வழுக்கும். மெத்தையைக் காட்டின பெரியப்பா வழுக்குவதைக் காட்டமாட்டார். அத்தை தானே கண்டுபிடிப்பார், உட்கார்ந்த நிலையில்.

எந்தப் பொந்தைக் கண்டாலும் “இங்கதான் கமல் உட்கார்ந்து அழுதது” என்பது அவருடைய நிலையான வாசகம். கமல் நடித்த ‘குணா’ படம் வெளியான 1991-இலிருந்து அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படம் வந்த 2024-க்குப் பிறகு, அதே பொந்துகளில் மலையாளப் பையன் ஒருவனும் விழுந்திருக்கிறான்.

ஒருமுறை ஒரு புதரில் நீலமாக ஏதோ பூத்திருந்தது. “குறிஞ்சி! நல்லாப் பார்த்துக்குங்க, பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருதடவைதான்.”

ஏழாம் வகுப்புப் படிக்கிற பேத்தி விடவில்லை. “தாத்தா, அது 2018-லயே பூத்திருச்சு. அடுத்தது 2030-ன்னு டீச்சர் சொன்னாங்க.”

பெரியப்பா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. “அது ரெகுலர் பேட்ச் கண்ணு. இது அரியர்.”

இந்த வேகம்தான் அவருடைய சொத்து. தெரியாது என்ற சொல் வாயில் வருவதற்குள் வேறொரு சொல் முந்திக்கொள்கிறது. படித்தவர்கள் பலருக்கு இந்த வித்தை கைவராமல், பிழைப்பில் பின்தங்கிப் போயிருக்கிறார்கள்.

பாறைக்கு வந்து சேரும்போது மணி இரண்டு. பொதுவாக இந்த மலையில் காலையில் பள்ளத்தாக்கு திறந்திருக்கும், பகல் ஏற ஏறக் கீழிருந்து மஞ்சு எழும்பி வந்து மூடும். கடை போட்டிருக்கிற அக்கா, மிளகாய்த்தூள் தூவிய மாங்காயை நீட்டிக்கொண்டே சொன்னார்: “ஒன்பது மணிக்குள்ள வந்துரணும்ணே. இப்ப என்ன தெரியும்?” பெரியப்பாவின் காலை டிபன் முடிந்ததே பத்தரை மணிக்கு. அதை அவர் அக்காவிடம் சொல்லவில்லை.

முன்னால் ஒரே வெள்ளை. பாறையின் நுனி எங்கே முடிகிறது என்பதுகூட மங்கல்தான். செல்பி எடுக்கப் போனவர்களை மற்றவர்கள் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். ஒரு சுவரைப் பார்க்க இவ்வளவு தூரம் வந்தோமா என்று மாப்பிள்ளை முணுமுணுத்தார்.

பெரியப்பாவின் முகத்திலோ அப்படி ஒரு பிரகாசம். தெரிகிற ஊரைக் காட்ட யாரால் முடியாது? விரல் நீண்டது.

“இந்தா, இடதுகைப் பக்கம் பாருங்க, பெரியகுளம். கோயில் கோபுரம் தெரியுதா? அதுக்குப் பின்னால மாந்தோப்பு. அந்தக் கோடு மாதிரி போகுதே, அதான் தேனி ரோடு.”

அடுத்து நடந்ததுதான் ஆச்சரியம். சின்னத் தாத்தா தலையாட்டினார். அத்தை, “ஆமா, கோபுரம் லேசாத் தெரியுது” என்றார். தோப்பில் ஆள் நடமாட்டம்கூட ஒருவருக்குத் தெரிந்தது. கேனை இறக்கி வைத்த தம்பி மகன் மட்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றான். பேத்தி, “டால்பின் எங்க தாத்தா?” என்றாள்.

“நீ நிக்கிறதே அது மூக்கு மேலதான்.” பாறையில் நின்று அவர் சொன்னதில் பிசகில்லாத ஒரே தகவல் இதுதான், ஆனால் அதை மட்டும் அவள் நம்பவில்லை.

திடீரென்று காற்று திசை மாறியது. மஞ்சு கிழிந்தது, இரண்டே நிமிடத்தில் பள்ளத்தாக்கு முழுக்க வெயில். ஆயிரக்கணக்கான அடி கீழே வயல்கள், தோப்புகள், சாலைகள், ஒரு ஊர். எல்லாம் வலதுகைப் பக்கம். இடதுகைப் பக்கம் விரல் சுட்டிய இடத்தில் வெறும் மலைச்சரிவும், நடுவில் ஒரு கழுகும்தான்.

ஒருவரும் பேசவில்லை. மாப்பிள்ளை மெதுவாகத் தொண்டையைச் செருமினார். “மாமா, பெரியகுளம் இடதுகைப் பக்கம்னீங்க...”

பெரியப்பா விரலை மடக்கவில்லை. அப்படியே அரைவட்டம் போட்டு வலதுபக்கம் கொண்டுவந்து நிறுத்தினார்.

“பைபாஸ் போட்டாங்கல்ல? அதுலருந்து ஊரே அந்தப் பக்கமா நகர்ந்துருச்சு.”