டக் டக் பலன்

ராயப்பன்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் இலைக்கு அடியில் வெள்ளையாய் ஒரு பொட்டு தெரிந்தால் போதும், அடிச்சாம்பல் என்று அன்றைக்கே மருந்தடித்துவிடுவார்கள். அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க் 'டக், டக்' என்றால் மட்டும், "பல்லி சொல்லுதுப்பா, நல்ல சகுனம்!" ஃபோட்டோ திறக்க அரை நிமிஷமா? கரண்ட் சரியில்லை. ஃபைல் காணோமா? பேரன் அழித்திருப்பான்.

இத்தனைக்கும் டிஸ்க்கே 'ஸ்மார்ட்' என்று தன் ஜாதகத்தை எழுதி வைத்திருக்கிறது. கெட்டுப்போன செக்டாருக்கு மாற்று கொடுத்த கணக்கு அதில் ஏற ஆரம்பித்தால் உடனே காப்பி எடுக்க வேண்டியதுதான். அதையும் முழுசாய் நம்பிவிட முடியாது: 2007-இல் கூகுள் வெளியிட்ட ஆய்வில், செத்த டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கு மேல் ஒரு தோஷமும் காட்டாமலே போய்ச் சேர்ந்தவை.

கல்யாண ஆல்பத்துக்கு இன்னொரு காப்பி?

"எதுக்குப்பா, அதான் டிஸ்க்குலயே இருக்கே!"